உள்ளங்கைத் திரையில் விஞ்ஞானம்

வினா எழுப்பி விடை பெறுதல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. முஸ்லிம் புலவர்கள் தமிழில் இயற்றியவற்றுள், இன்று முழுமையாகக் கிடைக்கும் மூத்த நூலாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' கேள்வியும் மறுமொழியுமாகவே நடப்பது. வண்ணப் பரிமளப் புலவர் பாடிய அந்நூல் 1572இல் மதுரை மாநகரில் அரங்கேறியது. யூத சமய அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், அண்ணல் நபி (ஸல்) அவர்களை அணுகிப் பற்பல ஐயங்களை வினவித் தெளிவு பெற்றதாக அது விரிகிறது. பின்னர் நூறு மசலா, வெள்ளாட்டி மசலா என இவ்வகை தழைத்தது. இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று அறிய விழையும் ஆவல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று, வளர்ந்தவர்களுக்கும் உரியதே என நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இவை சான்று.

அந்த ஆவலுக்கு இன்று தீனி போடுவது கைப்பேசி. வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது? பால் பொங்கி வழிவதுபோல் தண்ணீர் ஏன் பொங்கி வழிவதில்லை? மண்பானை நீர் எப்படிக் குளிர்கிறது? இத்தகைய வினாக்களுக்குப் பத்து நிமிடத்தில், சில வேளை ஒரே நிமிடத்தில் விடை கூறும் காணொளிகள் தமிழில் ஏராளமாக வருகின்றன. இஷாத் தொழுகை முடிந்து குடும்பத்தார் அமர்ந்திருக்கும் வேளையில் அத்தாவின் கையில் ஒன்று, மகனின் கையில் ஒன்று என்று இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளிவரும் நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். மேடைப் பேச்சுகளைத் திறனாய்கிறோம். நம் வீட்டார் நாள்தோறும் காணும் இவற்றை மட்டும் எடைபோடாமல் விடுவது முறையன்று.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதில் தனியானதோர் அக்கறையும் உண்டு. நம் வட்டாரத்தில் விஞ்ஞானம் ஏட்டோடு நிற்பதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அன்றாடம் கையால் அள்ளுவது இரசாயனப் பொருள். அவர்களுக்கு இக்காணொளிகள் என்ன தருகின்றன என்ற கேள்வியை மனத்தில் கொண்டே இவற்றை நோக்க விரும்புகிறோம்.

வந்த வழி

சிறு படத்தின் மூலம் பெரியவர்களுக்கு அறிவு புகட்டும் முயற்சி பழையது. 1948இல் மத்திய அரசு நிறுவிய திரைப்படப் பிரிவு தயாரித்த செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்னர்க் காட்டப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. 2005இல் தோன்றிய யூடியூப், படம் எடுக்கும் உரிமையை அரசிடமிருந்தும் நிலையங்களிடமிருந்தும் எடுத்துத் தனி மனிதர் கையில் கொடுத்தது. 2020 ஜூன் மாதத்தில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூபின் 'ஷார்ட்ஸ்' என்னும் குறுவடிவம் இங்கே புகுந்தது. அதுமுதல் பத்து நிமிடம் என்பதே நீண்டதாகி, ஒரு நிமிடம் என்பது வழக்கமாயிற்று.

தமிழில் இத்துறையில் உழைத்தோரைப் பாராட்டாமல் மேற்செல்வது நன்றி மறத்தலாகும். பொறியியலை எளிய தமிழில், செய்முறையோடு விளக்கும் பணியைப் பிரேமானந்த் சேதுராஜன் 'எல்.எம்.இ.எஸ்.' என்ற பெயரில் தொடங்கி நடத்தினார். 'மிஸ்டர் ஜிகே' என்னும் அலைவரிசை, விண்வெளி, இயற்பியல் முதலிய கடினமான பொருள்களைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது. ஆங்கிலம் அறியாதவனுக்கு விஞ்ஞானம் எட்டாக்கனி என்ற நிலையை இவை பெருமளவு மாற்றின. பெ. நா. அப்புசுவாமி போன்றோர் ஏட்டில் செய்த பணியின் தொடர்ச்சியாகவே இவற்றைக் கொள்ளவேண்டும்.

ஆனால், பாராட்டத்தக்கன சில. அவற்றைப் பின்பற்றிப் பெருகியவை பல. அப்பலவற்றைப் பற்றியே நாம் கவலை கொள்கிறோம். அவற்றை அளக்க நம் மதரஸாக்களில் பயின்றுவந்த அளவுகோல்களே போதுமானவை.

ஸனது எங்கே?

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், அதன் பொருளைப் பார்க்குமுன் அது யார் வழி வந்தது என்று பார்ப்பர். அறிவிப்பாளர் தொடரே ஸனது. தொடரில் ஒருவர் விடுபட்டாலும் செய்தி வலுவிழக்கும். எத்துணை இனிய செய்தியாயினும் சரியே. இந்த அளவுகோலை இக்காணொளிகளின்மேல் வைத்துப் பார்ப்போம்.

'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்' என்ற ஒரு தொடர் இவற்றில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. எந்த விஞ்ஞானிகள்? எந்த ஆண்டில்? எந்தக் கருவியால் கண்டனர்? விடையில்லை. சான்றாகக் கருந்துளையை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 10ஆம் நாள், உலகின் பல பகுதிகளிலுள்ள வானொலித் தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்து, ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவில் அமைந்த கருந்துளையின் முதற் படம் வெளியிடப்பட்டது. கலங்கிய ஒரு செவ்வொளி வளையம், அவ்வளவே. ஆனால், கைப்பேசியில் ஓடும் காணொளிகளில் விண்மீன்கள் சுழன்று விழுவதும், ஒளி வளைவதும் கண்கவர் காட்சிகளாக வருகின்றன. இவற்றுள் கருவி கண்டது எது, கணக்கு சொன்னது எது, ஓவியன் வரைந்தது எது என்று பிரித்துச் சொல்வோர் அரியர். மூன்றும் ஒன்றாகக் கலந்து பார்ப்பவர் மனத்தில் 'கண்ணால் கண்ட உண்மை'யாகப் பதிந்துவிடுகின்றன.

இக்குறை பிறரிடம் மட்டும் உண்டென்று நாம் அமைதி கொள்ளலாகாது. நம்மவர் பகிரும் காணொளிகளும் இதற்கு விலக்கல்ல. முஸ்லிம் அறிஞர்களே அனைத்தையும் முதலில் கண்டனர் என்று முழங்கும் படங்களில், ஸ்பெயின் நாட்டு அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் வானில் பறந்த காட்சி தவறாமல் இடம்பெறும். அவர் 887இல் மறைந்தவர். அந்நிகழ்ச்சியை விரித்துரைக்கும் அல்-மக்கரீ 1632இல் மறைந்தவர். இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல்! அக்காலக் கவிஞர் ஒருவரின் குறிப்பையும் அல்-மக்கரீ தருகிறார் என்பது உண்மையே. ஆதலின் செய்தியை அடியோடு தள்ள வேண்டியதில்லை. ஆனால், இந்த இடைவெளியைப் பார்ப்பவருக்குச் சொல்லாமல் மறைப்பது ஸனதின் அருமையை உலகுக்குக் கற்பித்த சமுதாயத்துக்கு அழகன்று.

அதேபோல், இப்னுல் ஹைதம் அவர்களைக் 'கேமராவைக் கண்டுபிடித்தவர்' என ஒரு வரியில் புகழ்கின்றனர். அவர் செய்தது அதனினும் பெரிது. பஸராவில் பிறந்து 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்த அப்பெரியார், சிறு துளை வழியே இருட்டறைக்குள் விழும் கிரகணப் பிறையின் வடிவத்தைத் துளையின் அளவை வைத்து ஆராய்ந்தார். பார்வைக்குரிய ஒளி கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று சோதனைகளால் நிறுவினார். தாலமியைப் போன்ற பெரியோர் எழுதியதையும் ஐயுற்றுச் சோதித்தாலன்றி ஏற்கலாகாது என்பதற்கென்றே தனி நூல் யாத்தார். அவருடைய பெயரைச் சொல்லும் காணொளி அவருடைய முறையைக் கைவிடுவது எத்துணை முரண்!

மத்னும் ஷர்ஹும்

குறுமையே குற்றம் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அதை நாம் ஏற்பதற்கில்லை. அரபு இலக்கணம் பயிலும் மாணவர் முதலில் ஓதும் நூல்களுள் ஒன்றான அஜ்ரூமிய்யா சில பக்கங்களே கொண்டது. 1323இல் மறைந்த இப்னு ஆஜுர்ரூம் எழுதிய அச்சிறு நூல், மொராக்கோவிலிருந்து நம் நாட்டு மதரஸாக்கள் வரை எழுநூறு ஆண்டுகளாக ஓதப்படுகிறது. மத்ன் சுருங்கியிருப்பது மனத்தில் தங்குவதற்காக. அதற்கு ஷர்ஹ் என்னும் விரிவுரை உண்டு; விரிவுரைக்கு ஓரக்குறிப்பு உண்டு; எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே உஸ்தாத் உண்டு. சிறு நூல் ஒரு வாயில். உள்ளே வீடு இருக்கிறது.

ஒரு நிமிடக் காணொளியின் பின்னால் என்ன இருக்கிறது? விரலைத் தள்ளினால் அடுத்த ஒரு நிமிடக் காணொளி. முன்னதில் ஆக்டோபஸின் மூன்று இதயங்கள். பின்னதில் எகிப்தியப் பிரமிடு. அதற்கடுத்து ஒரு பிரியாணி. இவ்வாறு ஒரு மணி நேரம் கண்டவரிடம், கண்டவற்றுள் ஒன்றை விளக்குமாறு கேட்டுப் பாருங்கள். செய்தி நினைவிருக்கும், காரணம் நினைவிராது. திண்பண்டத்தால் வயிறு நிறைந்த பிள்ளை சோற்றை வேண்டாமென்று தள்ளுவதைப்போல, அறிந்துவிட்டோம் என்ற நிறைவே அறியும் முயற்சியைத் தடுத்துவிடுகிறது.

ஒரு பொருளை முற்றும் காட்டுவதற்குச் சிறந்த முன்மாதிரி மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1848இலும், மீண்டும் 1860ஆம் ஆண்டின் இறுதியிலும் அவர் இளைஞர்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவுகளின் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அது எதனால் எரிகிறது, சுடரின் எப்பகுதி வெப்பமானது, எரிந்தபின் எங்கே போகிறது என்று ஆறு சொற்பொழிவுகளில் ஒரு வர்த்தியைக் கொண்டே வேதியியலின் பெரும்பகுதியைக் காட்டினார். சொன்னதையெல்லாம் அவையோர் கண்முன் செய்தும் காட்டினார்.

நம் நாட்டில் அந்த வழியில் நடந்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளரான இவர், 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குச் சென்றார். அங்கே அவர் கையிலெடுத்த கருவி எது தெரியுமா? தீக்குச்சி! சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்தார். சதுரம் செய்து அழுத்தினால் சாய்கிறது. முக்கோணம் செய்து அழுத்தினால் நிற்கிறது. பாலத்திலும் மின்கோபுரத்திலும் இரும்புச் சட்டங்கள் முக்கோணமாக அமைவதன் காரணம் ஏழைப் பிள்ளைக்கும் விளங்கிவிட்டது. இதைப் பற்றிய அவருடைய நூல் 1987இல் வெளிவந்தது. பிறகு புனேயிலுள்ள அறிவியல் மையத்தில் அமர்ந்து, தூக்கியெறியும் பொருள்களைக் கொண்டு செய்யும் விளையாட்டுக் கருவிகளைப் பற்றி ஓரிரு நிமிடப் படங்கள் பலவற்றை உருவாக்கினார்; தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இப்படங்களில் பின்னணி இசையின் ஆரவாரம் இல்லை. பேசுபவரின் முகம்கூடப் பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டு கைகளும் ஒரு பொருளும் மட்டுமே. ஆயினும் இவை ஸனதின் சோதனையில் தேறுகின்றன. ஏனெனில், பார்ப்பவர் தாமே செய்து பார்த்து உண்மையை உறுதி செய்துகொள்ளலாம். அவருடைய கையே சாட்சி. ஒரு நிமிடப் படம், திரையை அணைத்தபின் ஒரு மணி நேரம் வேலை கொடுக்கிறது. அந்த ஒரு மணி நேரமே இதன் ஷர்ஹ்.

மொழி

உள்ளடக்கத்துக்கு அடுத்தது மொழி. வினைச்சொல் மட்டும் தமிழாகவும் ஏனையவெல்லாம் ஆங்கிலமாகவும் அமைந்த நடையே பல காணொளிகளில் கேட்கிறது. மக்கள் நாவில் பழகிய பிறமொழிச் சொற்களை நாம் வெறுக்கவில்லை. பஸ்ஸும் பேட்டரியும் இனித் தமிழே. ஆனால், உராய்வு, அடர்த்தி, அழுத்தம், ஈரப்பதம் என எல்லார்க்கும் விளங்கும் சொற்கள் இருக்க, அவற்றைத் தவிர்ப்பானேன்? யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, மருத்துவத்துக்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தளித்து, 2017இல் மறைந்த மணவை முஸ்தபா அவர்கள் நம் சமுதாயத்தவர். அவர் தேடித் தந்த செல்வம் நூலகத்தில் உறங்குகிறது.

தொழிலாளர் நாவில் வாழும் சொற்களோ இன்னும் சிறப்புடையவை. பட்டாசுக் கலவையைச் சிவகாசியில் 'மருந்து' என்பர். பழைய அரபு வெடிக்கலை நூல்களிலும் இதே கலவைக்குத் 'தவா' என்ற சொல் ஆளப்பட்டது. அதன் பொருளும் மருந்தே. வெடியுப்பை இப்னுல் பைதார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய மருந்துப்பொருள் நூலில் 'சீனத்துப் பனி' என்ற பெயரால் குறிக்கிறார். அதே நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸனுர் ரம்மாஹ், வெடியுப்பைச் சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையை எழுதிவைத்தார். சீனத்தில் தோன்றி, அரபு நாடுகளில் பயின்று, நம் ஊர்வரை வந்த இக்கலையின் வரலாற்றை ஒரு காணொளி சொல்லுமாயின், சிவகாசித் தொழிலாளி உலக விஞ்ஞான வரலாற்றில் தமக்கும் ஓர் இடம் உண்டென உணர்வார்.

நம் வாசலில் உள்ள பாடம்

பயனளிக்காத கல்வியினின்றும் அல்லாஹ்விடம் காவல் தேடினார்கள் நபி (ஸல்) அவர்கள். இம்மூன்றாம் அளவுகோலே இறுதியானது.

பட்டாசு பற்றிக் காணொளிகள் இல்லாமலில்லை, குவிந்து கிடக்கின்றன. பத்தாயிரம் வாலாவை ஒரே வேளையில் கொளுத்தினால் என்ன ஆகும், தர்ப்பூசணிக்குள் வெடியை வைத்தால் என்ன ஆகும் என்பனவெல்லாம் 'சோதனை' என்ற பெயரில் உலவுகின்றன. காரணத்தை ஆராயாத செயல் சோதனையன்று, வேடிக்கை. பசுமைப் பட்டாசு பற்றியும் படங்கள் வந்தன. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புகளை விலக்கிப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. அதன் புகை வழக்கமான பட்டாசைக் காட்டிலும் முப்பது விழுக்காடு அளவில் குறையும் என்பதே அதை உருவாக்கிய 'நீரி' ஆய்வகம் கூறியது. 'மாசே இல்லாத பட்டாசு' என்று விளக்கம் தருவோர் எஞ்சிய எழுபதை மறைக்கின்றனர்.

காட்டவேண்டியவை யாவை? முதலில் தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, 1923இல் சிவகாசியில் தொடங்கிய தொழில் அது. ஃபாரடேக்கு மெழுகுவர்த்தி எப்படியோ, நமக்குத் தீக்குச்சி அப்படி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதே பாதுகாப்பு. உரசும்போது எழும் வெப்பத்தில் பாஸ்பரஸ் சிறிதளவு பற்றுகிறது, குளோரேட் ஆக்சிஜனைத் தருகிறது, கந்தகம் எரிகிறது, குச்சி தீப்பற்றுகிறது. உராய்வு என்றால் என்ன என்பதை விளக்க இதைவிட எளிய பாடம் ஏது?

வெடிவிபத்து நேரும்போதெல்லாம் 'உராய்வு காரணமாக' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. படிப்போர், விதி என்று பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுகின்றனர். உராய்வு விதியன்று, அதற்கு விதிகள் உண்டு. மருந்து அறையில் இரும்புக் கருவி ஏன் கூடாது? பொறி பறக்கும் என்பதால். நைலான் உடை ஏன் கூடாது, பருத்தி ஏன் வேண்டும்? உடலில் நிலைமின்னேற்றம் தங்கும் என்பதால். நுழையுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டை ஏன் தொடவேண்டும்? அந்த மின்னேற்றம் மண்ணுக்குள் இறங்குவதற்காக. நேற்றைய மிச்ச மருந்தை ஏன் வைத்திருக்கலாகாது? அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால் தானாகவே சூடேறும் என்பதால். போர்மேன் சொன்னார் என்பதற்காக ஒரு விதியைக் கடைப்பிடிப்பவர், அவர் இல்லாதபோது நெகிழ்ந்துவிடுவார். காரணம் அறிந்தவர் எப்போதும் கடைப்பிடிப்பார். மீறுமாறு ஏவும் முதலாளியிடம் மறுத்துச் சொல்லும் துணிவும் பெறுவார். அறைக்கு அனுமதித்த அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் நிரப்பும் பேராசையைக் காணொளியால் தடுத்துவிட முடியாது. அது சட்டத்தின் வேலை. ஆயினும், அறியாமையினால் போகும் உயிரையேனும் காக்கலாமன்றோ?

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை நம் மாவட்டம் மறவாது. அன்று 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையில் பணி செய்தவர் அல்லர். முதற்புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிச்சென்ற சுற்றூர் மக்கள். அடுத்தடுத்த வெடிப்பில் அவர்கள் சிக்கினர். அடுப்புத் தீயை ஈரச் சாக்கால் மூடினால் காற்று அற்று அணையும். பட்டாசு மருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டது. மூடினாலும் எரியும், அடைத்துவைத்தால் இன்னும் கடுமையாக வெடிக்கும். ஆகவே, ஆலையில் புகை கண்டால் ஓடி அணுகாமல் விலகி நிற்கவேண்டும். இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். குறுங்காணொளி என்ற வடிவம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. இன்றோ, புகை எழுந்தால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு படம் எடுக்க நெருங்குவோரைத்தான் காண்கிறோம்.

கருந்துளையைப் பற்றி அறியவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளதை அறிந்த ஒருவர், தம் தாயோ தங்கையோ காலை முதல் மாலை வரை கையாளும் மருந்தின் தன்மையை அறியாதிருப்பதே நம்மை வருத்துகிறது.

வாசகப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வீட்டில் ஒரு காணொளியைக் கண்டு முடித்ததும், இதை யார் கண்டறிந்தார், எப்படி அறிந்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை அதில் இல்லையாயின் நூலிலோ ஆசிரியரிடமோ தேடச் செய்யுங்கள். மற்றொன்று, விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க் கல்லூரிகளில் வேதியியல் பயிலும் நம் இளைஞர்களுக்கு: தொழிலாளரிடம் சென்று அவர்தம் சொற்களைக் கேட்டு, ஆசிரியர்களிடம் காட்டிப் பிழை திருத்தி, இவ்வட்டாரத்துக்கான சிறு படங்களை எடுங்கள். இரண்டு கைகளும் ஒரு தீப்பெட்டியும் போதும். பண்டிகைக் காலத்து ஆணைகள் குவிந்து, வேலை விரைவுபடும் மாதங்களுக்கு முன்னரே அவை தொழிலாளர் கைப்பேசிகளைச் சென்றடைய வேண்டும்.

பயன்தரும் கல்வியை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.